கோலி இடத்துக்கு யார்

பாகூர் கால்பந்துக் குழுவுக்குப் பதினாறு வருஷம் நான்தான் செக்ரட்டரி. பெயர் சுப்புராயன். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தேன். ஆட்டம் எனக்கு வராது. பந்து ஒரு பக்கம் போனால் கால் ஒரு பக்கம் போகும். ஆனால் யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், யார் எதற்கு லாயக்கில்லை என்று சொல்வதில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோபத்திலும் அப்படித்தான். சுப்புராயனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தை அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் சுற்றுவட்டார ஊர்களுக்குள் கோப்பை ஆட்டம் தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கீழே மைதானத்தில் எல்லாரும் கூடுவார்கள். ஆட்டக்காரர்கள், அவர்கள் வீட்டார், வெட்டியாகச் சுற்றுகிறவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு அங்கேதான் வேலை. நான் ஒரு தாளைப் படிப்பேன். கோல் காக்கிற கோலியில் ஆரம்பித்து லெஃப்ட் அவுட் வரைக்கும் பதினோரு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் யார், போன வருஷம் அவன் என்ன கிழித்தான், இந்த வருஷம் அவனிடம் என்ன எதிர்பார்க்கலாம், எல்லாம் அதில் இருக்கும். ஒருத்தனையும் விட்டுவைக்க மாட்டேன். சிரிப்பும் திட்டுமாக ஒரு மணி நேரம் போகும்.

படித்துவிட்டால் மட்டும் போதாது. பெயரைப் படித்ததும் அந்த ஆள் எழுந்து 'நிக்கிறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த வருஷம் முழுக்க அந்த இடம் அவனுக்கு. காய்ச்சலோ, மச்சான் கல்யாணமோ, எதுவானாலும் ஆட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வருவதற்கு முன்பே இருந்தது. 'நிக்கிறேன்' என்று சொன்ன பிறகு பின்வாங்கியவன் எங்கள் ஊரில் ஒருத்தனும் கிடையாது.

எழுபத்து மூன்றாம் வருஷம் அந்தத் தாளை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகியும் என்னால் எழுத முடியவில்லை.

கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானம். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு 'கோலி' என்று எழுதிக் கோடு போட்டேன். அதற்குப் பக்கத்தில் கை தானாக 'அந்தோணிசாமி' என்று எழுதிவிட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கையைச் சொல்லிக் குற்றமில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். அதிலும் அதே பெயர்தான் விழுந்தது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கடை வாசலில் அந்தோணிசாமி சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். வலது கை நெஞ்சின் மேல் இருந்தது.

அவன் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் வெறும் வெயில். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்றைக்கு மறுபடி பேனாவைத் தொடவில்லை. ஏனென்றால் அவன் அப்படி வந்து நின்றது கனவும் இல்லை, கற்பனையும் இல்லை. முந்தின வருஷம், தாள் படிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அதே இடத்தில் அப்படியே வந்து நின்றான். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

"அண்ணா, இந்த வருசம் என்னை வுட்டுடுண்ணா. நெஞ்சு வலிக்குது. ஆஸ்பத்திரியில படம் புடிச்சிப் பாத்துட்டு, ஆறு மாசத்துக்கு ஓடாத, வுழாதன்னுட்டாங்க" என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த வருஷம் கோப்பை பாகூருக்குத்தான் என்று வில்லியனூர் வரைக்கும் போய்ச் சவால் விட்டு வந்திருந்தேன். கோலியை நம்பித்தான் விட்டேன். வயசாகிவிட்டது என்று சொல்லித் தொலை, ஆஸ்பத்திரியை எதற்கு இழுக்கிறாய் என்று ஆரம்பித்து, பொம்பளை மாதிரி பயப்படுகிறாய் என்பது வரைக்கும் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் பதில் பேசவில்லை. என் கடைக்கு லோடு வந்தால் மூட்டை இறக்குகிறவன் அவன். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

அன்று சாயங்காலம் முதல் பெயராக அவன் பெயரைப் படித்தேன். எழுந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை. குனிந்து தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் காத்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே, ஐயாவுக்கு வெட்கம், அவன் நிக்கிறான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அவன் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது ஆட்டம் சோரியாங்குப்பத்தில். எதிர் டீம் ஆள் பந்தோடு தனியாக வந்தான். அந்தோணிசாமி வழக்கம்போல் அவன் காலில் பாய்ந்தான். அந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை, ஓடி வந்த வேகத்தில் முழங்கால் நெஞ்சில் பட்டுவிட்டது. அந்தோணிசாமி பந்தைக் கட்டிப் பிடித்தபடியே கிடந்தான். அவன் கையிலிருந்து பந்தைப் பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வண்டியில் போட்டுப் பாகூருக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி ஆரோக்கியம் கடைக்கு வந்தாள். அவர் உங்களிடம் வந்து எதுவாவது சொன்னாரா என்று கேட்டாள். நெஞ்சு வலியைப் பற்றிச் செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டு வா என்று அவள்தான் அனுப்பினாளாம். திரும்பி வந்து, சொல்லிவிட்டேன், அண்ணன் பார்த்துக்கொள்வார், நீ பயப்படாதே என்றானாம். நான் ஏசியதை அவளிடம் சொல்லவில்லை பாவி. என் மானத்தையும் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். நான், "என்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்படியானால் என்னிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று, யாரிடமோ சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் செத்தவன் ஒருத்தன் தன் பெண்சாதியிடம் பொய்யனாக இருந்தான். அவன் சொன்னது நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். இதை வைத்துக்கொண்டுதான் பதினோரு மாதமும் சோறு தின்றேன்.

கோலியில் ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததும் தலைகீழாக எழுதினேன். முன்வரிசையிலிருந்து பின்னால் வருவது.

லெஃப்ட் அவுட், ராசு. ஓடினால் பிடிக்க முடியாது, எங்கே ஓடுகிறான் என்பது அவனுக்கே தெரியாது, ஐப்பசியில் கல்யாணம் ஆகியிருப்பதால் இந்த வருஷம் வேகம் கொஞ்சம் குறையும் என்று எழுதினேன். இது சுலபமாக வந்தது.

சென்டர் ஃபார்வர்டு, இளங்கோவன். முந்தின வருஷம் ஒன்பது கோல் போட்டவன். ஆனால் அந்த மாதம் பயிற்சியில் ஏரிப்பக்கத்துக் கோலில் ஒரு பந்துகூட அவன் போடவில்லை. அது அந்தோணிசாமி நிற்கிற பக்கம். அடிக்கிற பந்தெல்லாம் கம்பத்துக்கு வெளியே போயிற்று. ஆளில்லாத கோலில் அடிக்க உனக்கு என்னடா கேடு என்று கத்தினேன். ஆளில்லை என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு அவன் பந்து பொறுக்கப் போனான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. 'ஒன்பது கோல் எதிர்பார்க்கலாம்' என்று எழுதினேன். எழுதும்போதே அது நடக்காது என்று தெரிந்தது.

சென்டர் ஹாஃப், வீரப்பன். மைதானத்தில் அவன் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை. போன வருஷம் நான் அந்தோணிசாமிக்குப் பதிலாகச் சொன்னபோது சிரிக்காமல் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. 'கூர்மையான பார்வை' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'நல்ல மூச்சு' என்று மாற்றினேன்.

ரைட் பேக், தங்கவேல். இவன் விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. மலையாட்டம் நிற்கிறவன். அவனைத் தாண்டி ஒரு பந்து போகாது. அப்படிப்பட்டவன் பயிற்சி ஆட்டத்தில் மூன்று முறை காலுக்கு நேராக வந்த பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினான். மூன்றும் கோலுக்குள் போயிற்று. மறுநாள் அவனே கடைக்கு வந்து, தன்னை இந்த வருஷம் எழுத வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டால் பின்னாலிருந்து குரல் கேட்கிறதாம். பந்து கோலிக்குப் பக்கத்தில் வந்தால் கோலி 'எனக்கு' என்று கத்த வேண்டும், கத்தினால் பேக் ஒதுங்க வேண்டும். எங்கள் ஊரில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் அதுதான் முறை. குரல் கேட்டது, ஒதுங்கினேன் என்றான். யார் குரல் என்று நான் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் என் புத்தி சும்மா இருக்குமா? குடித்துவிட்டு உளறுகிறாயா என்று அவனை ஏசி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெயில் சாயாத நேரம். ஆளுக்கு ஆள் மாற்றிக் கோலியில் நிறுத்திப் பார்த்துச் சலித்துவிட்டதால் அன்றைக்கு யாரையும் நிறுத்தவில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நானே போய் நின்றுகொண்டேன். ராசுவைப் பந்தை உயரத் தூக்கி அடிக்கச் சொன்னேன். பந்து வந்தது. தங்கவேல் ஒதுங்கினான். அவன் ஒதுங்குவதற்கு ஒரு நொடி முன்னால் எனக்குப் பக்கத்தில், தோளுயரத்தில், அந்தத் தடித்த தொண்டை 'எனக்கு' என்றது. பன்னிரண்டு வருஷம் கேட்ட தொண்டை எனக்குத் தெரியாதா? பந்து வலை இல்லாத கோலுக்குள் உருண்டு, வயல்வரப்பில் முட்டி நின்றது. தங்கவேல் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். அன்றைக்கு உரம் கேட்டு வந்தவனுக்குப் பூச்சிமருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

இனிக் கோலி ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. அந்தோணிசாமிக்குச் செல்லப்பன் என்று ஒரு தம்பி. இருபத்து நாலு வயசு, அண்ணனைவிட ஒரு பிடி உயரம், முறம் அளவுக்குக் கை. அண்ணன் இடத்தில் நிற்க வேண்டும் என்று அவனே கேட்டான். டீமில் எல்லாருக்கும் அதுதான் ஆசை. அந்த இடத்தில் அந்த வீட்டு ஆள் நின்றுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தங்கவேல் சொன்னான். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அண்ணி உத்தரவு கொடுத்தால்தான் நிற்பேன் என்று செல்லப்பன் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை ஆரோக்கியம் வந்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கடையில் காலை வைத்தாள். நடவு வேலைக்குப் போய்ப் போய் முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தம்பி நிற்பதற்குத் தான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணுண்ணா. அவன் எங்கனா வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னான்னா, எனக்கு ஒரு வார்த்த சொல்லியனுப்புங்க. அவங்க அண்ணன் மாதிரி இவனும் வூட்ல பொய் சொல்லிட்டுப் போயிடப் போறான். நான் உங்களத்தான் நம்பி வுடறேன்."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் போன பிறகு, அவள் நின்ற இடத்துக்கு ஒரு எட்டுப் பின்னால், வாசலில், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி அவன் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை கண்ணைக் கசக்கியும் போகவில்லை. அவன் முகத்தில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துவது எனக்கு வரும். அவன் சும்மா, பதில் வருகிற வரைக்கும் நிற்கலாம் என்பதுபோல் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. செல்லப்பன் நிற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு மாதா கோயில் தெருவே வந்திருந்தது. ஆரோக்கியம் ஏரிப்பக்கத்துக் கம்பத்துக்கு அருகில் தனியாக நின்றாள். நான் தாளைப் பிரித்து லெஃப்ட் அவுட்டிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செக்ரட்டரிக்குப் புத்தி பிசகிவிட்டதா, கோலியிலிருந்து அல்லவா படிக்க வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். காதில் வாங்காமல் படித்தேன். ராசுவின் கல்யாணத்தைப் பற்றிப் படித்தபோது மட்டும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. ஒவ்வொருத்தனாக எழுந்து நிக்கிறேன் என்றார்கள். தங்கவேல் எழுந்து, தனக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நிக்கிறேன் என்றான்.

பத்துப் பெயர் முடிந்தது. பதினோராவதாக, கோலி, செல்லப்பன் என்று படித்தேன். அண்ணனின் கை, அண்ணனின் தைரியம், இந்த வருஷம் இவனை நம்பலாம் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். செல்லப்பன் எழுந்தான். அவனுக்குப் பின்னால், கம்பத்தை ஒட்டி, தலை குனிந்து, கால் கட்டை விரலைப் பார்த்தபடி இன்னொருத்தனும் எழுந்து நின்றான். செல்லப்பன் வாயைத் திறந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. இவன் வாயால் சொல்லிவிட்டால் நாளைக்கு இவனுக்கும் எதுவாவது ஆனால், அப்போதும் நான் என்ன சொல்லுவேன்? என்கிட்ட ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்லுவேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாதா?

"சொல்லாதடா" என்றேன். செல்லப்பன் திறந்த வாயோடு நின்றான்.

"உங்க அண்ணன் என்கிட்ட வந்து சொன்னான். போன வருசம், இதே நாளு காலையில, கடைக்கு வந்து சொன்னான். நெஞ்சு வலிக்குது, வுட்டுடுன்னான். நான் வுடல. ஏசினேன். இங்க வந்து அவன் நிக்கிறேன்னு சொல்லல. நான்தான் சொன்னேன். நீங்கள்லாம் பாத்தீங்க. அடக்கம் முடிஞ்சி ஆரோக்கியம் வந்து கேட்டப்ப ஒண்ணும் சொல்லலன்னு பொய் சொன்னவனும் நான்தான்."

செல்லப்பன் என்னை நோக்கி வந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்க மாட்டானா என்று இருந்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். வீரப்பன் எழுந்தான், ஆனால் தடுக்க வரவில்லை. அதற்குள் ஆரோக்கியம் வந்து செல்லப்பனின் கையை எடுத்துவிட்டாள். அவளிடம் என்ன வசவு வாங்கப் போகிறேன் என்று காத்திருந்தேன். சாபம் விட்டாலும் தகும்.

அவர் இன்ன வார்த்தை சொன்னார் என்று அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். அண்ணா, இந்த வருசம் என்னை வுட்டுடுண்ணா என்றதில் ஆரம்பித்து ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். பதினோரு மாதமாக என் காதில் ஓடிக்கொண்டிருந்ததுதானே. அவள் உதடு கூடவே அசைந்தது. பிறகு வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நான் ஏசியதற்குப் பதில் பேசவே இல்லை என்றேன். பேச மாட்டார் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப எங்கிட்ட பொய் சொல்லல" என்றாள்.

"இல்லம்மா."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. அவன் செத்த அன்றுகூட நான் அவளை அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஊரே அழுதபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டும் அழுகை நிற்கவில்லை. என் கை தானாகக் குவிந்தது. அம்மா, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"நான் ஒரு தபாகூடப் போவலண்ணா" என்றாள். "கல்லறைத் திருநாளு அன்னிக்கு எல்லாரும் போனாங்க. எங்கிட்டயே பொய் சொன்ன ஆளுக்கு மெழுகுவத்தி ஒரு கேடான்னு வூட்லயே உக்காந்துட்டேன். மத்த குழியெல்லாம் வெளக்கு எரிஞ்சிதாம். அவருது மட்டும் இருட்டாக் கெடந்துச்சாம்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். செல்லப்பன் மறுபடியும் என் பக்கம் திரும்பினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வாடா. இந்த ஆள்கிட்ட சண்ட போட இப்ப நேரமில்ல. கோயில் கடை சாத்தறதுக்குள்ள மெழுகுவத்தி வாங்கணும்."

மைதானத்தைக் குறுக்கே கடந்து, மாதா கோயிலும் கல்லறையும் இருக்கிற பக்கம் போனார்கள். முதலில் நடந்தாள். பாதி தூரத்துக்கு மேல் அவனை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள்.